டேங்கில் ஊற்றும் ஆயிலும் டிரைவர் தலையில் விழும் பழியும்



நம் லாரித் தொழிலாளர்கள் டீசல் டேங்கில் ஆயில் ஊற்றும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். இதை எழுதப் போகிறோம் என்று தெரிந்ததுமே நம் சங்கத்துக்குள் இரண்டு குரல்கள் எழுந்தன. "டிரைவரின் கைப்பழக்கத்தில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்பது ஒன்று. "ஏற்கனவே டிரைவரைத் திருடன் என்கிறார்கள், நீங்களும் ஓனர் பக்கம் பேசப் போகிறீர்களா?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். தொழிலாளியின் கூலியைக் குறைக்கிற எந்தப் பழக்கமும் சங்கத்தின் வேலைதான். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஓனர் பக்கம் பேசுவதற்காக இதை நாம் எழுதவில்லை. ஓனர் கையில் நாமே எடுத்துக் கொடுக்கிற ஆயுதத்தைத் திரும்பப் பறிப்பதற்காகவே எழுதுகிறோம்.

பம்பாய்த் தமிழர்களில் லாரியை நம்பிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் இல்லை. ஆனால் கலம்போலியிலும், வடாலா லாரிப்பேட்டையிலும், பிவண்டி கோடவுன்களிலும், நாவா ஷேவா துறைமுகச் சாலையிலும் காது கொடுத்து நின்றால் தமிழ் கேட்காத நேரம் இல்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று பெயர் எழுதிய வண்டிகள் வராத நாள் இல்லை. அந்த வண்டிகளின் டேங்கில் என்ன ஊற்றப்படுகிறது என்பது அந்த வீடுகளின் அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பழக்கம் வந்த வழி

டேங்கில் ஆயில் ஊற்றுகிறவனை முட்டாள் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்கிறவர்கள் லாரியில் ஏறிப் பார்க்காதவர்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

1990-களின் நடுப்பகுதி வரை நம் நாட்டு டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் பத்தாயிரம் பங்கு வரை, அதாவது நூற்றுக்கு ஒன்று வரை, கந்தகம் இருக்கலாம் என்பது விதி. படிப்படியாக அது குறைக்கப்பட்டது. 2005-இல் நாடெங்கும் 500 பங்கு, 2010-இல் 350, 2017-இல் 50, 2020 ஏப்ரல் முதல் வெறும் 10. கந்தகம் குறைந்தது நல்லது. அது நம் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும்போது, டீசலில் இயற்கையாகவே இருக்கும் வழுவழுப்புத் தன்மையைத் தரும் வேறு சில பொருள்களும் சேர்ந்து போய்விடுகின்றன. பழைய பம்புகளில் சில வகைகளுக்கு, உள்ளே ஓடும் டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. "டீசல் வறண்டு போச்சு, பம்பு தேயுது" என்று பட்டறை மேஸ்திரி சொன்னது வெறும் கதை அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. நெடுஞ்சாலையில் ஊற்றிக்கொண்ட டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும் என்ற சந்தேகம். மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, வழுவழுப்புக் குறைந்தது. அதை ஈடுகட்ட டேங்குக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் டூ-டி ஆயிலோ, எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலோ ஊற்றினார்கள். எஞ்சின் சத்தம் குறைந்தது. வண்டி இதமாக ஓடுவதுபோல் தெரிந்தது. குரு செய்தார், சிஷ்யன் கற்றான். டிரைவர் செய்தார், கிளீனர் கற்றான். அந்தக் கிளீனர் இன்று டிரைவர். பழக்கம் அப்படியே நிற்கிறது.

ஆனால் வண்டி மாறிவிட்டது, தோழர்களே. டீசலும் மாறிவிட்டது. மாறாமல் இருப்பது நம் கை மட்டும்தான்.

இன்றைய வண்டிக்குள் நடப்பது என்ன?

முதலில் டீசலைப் பார்ப்போம். கந்தகம் நீக்கியதால் வழுவழுப்புக் குறையும் என்பது சுத்திகரிப்பு ஆலைக்காரனுக்கு நமக்கு முன்பே தெரியும். அதனால் ஆலையிலேயே அதற்கென்று உள்ள சேர்மானத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதுவும் பத்து லட்சம் பங்குக்குச் சில நூறு பங்கு என்ற மிகச் சிறிய அளவில். அதற்கு ஒரு சோதனையும் உண்டு. 60 டிகிரி சூட்டில், டீசலுக்குள் ஓர் எஃகுக் குண்டைத் தகட்டின்மேல் வைத்துத் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இந்திய தர நிர்ணய விதி இது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, நேர்மையான பம்பில் வாங்கிய நேர்மையான டீசலுக்கு நாம் ஊற்றும் ஆயில் தேவையே இல்லை.

அடுத்து எஞ்சின். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த பி.எஸ்.-6 லாரிகளில் டீசலை ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரம் பார் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் உள்ளன. அதற்குள் ஊசிக்கும் குழாய்க்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பு ஆயிலில் என்ன இருக்கிறது? எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகத்தூள், கரி, தண்ணீர், கெட்டுப்போன ரசாயனங்கள். துணியில் வடிகட்டி ஊற்றுகிறோம் என்கிறார்கள். வேட்டித் துணியில் வடிகட்டினால் சில மைக்ரான் தூள் நிற்குமா?

அதற்குப் பிறகு புகைப்போக்கி. பழைய வண்டியில் அது வெறும் குழாய். இன்றைய வண்டியில் அது ஒரு சிறு தொழிற்சாலை. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று. யூரியாக் கரைசலைப் பீய்ச்சி நச்சு வாயுவை மாற்றும் கலன் மற்றொன்று. கரி சேர்ந்தால் வண்டி தானே சூட்டை ஏற்றி அதை எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள கால்சியமும், துத்தநாகமும், பாஸ்பரசும் எரிந்து போகிற பொருள்கள் அல்ல. அவை சாம்பலாகி வடிகட்டிக்குள் படியும். எத்தனை முறை சூடேற்றினாலும் சாம்பல் சாம்பல்தான். பாஸ்பரசும் கந்தகமும் மேலே சொன்ன கலன்களின் சக்தியைக் கொல்லும். அப்புறம் என்ன? டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வண்டி இழுக்காது. கம்பாட்கி காட்டில் முப்பது டன் லோடோடு ஏறும்போது சக்தி குறைந்து நிற்கும். பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். ஓனர் போனில் கத்துவார்.

டூ-டி ஆயில் கறுப்பு ஆயிலைவிடச் சுத்தமானது என்பது உண்மை. அது எரிவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. ஆனால் எந்த எஞ்சினில் எரிவதற்கு? ஸ்கூட்டரில், மோட்டார் சைக்கிளில், பெட்ரோலோடு கலந்து எரிவதற்கு. பழைய வண்டியில் அது பெரிய கேடு செய்யாமல் போயிருக்கலாம். சாம்பலைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ள வண்டிக்கு அது உதவாது.

புட்டி வியாபாரிகள்

இந்தப் பழக்கத்தின்மேல் ஒரு வியாபாரமே நடக்கிறது. லாரிப்பேட்டைக் கடைகளில் கண்ணைக் கவரும் புட்டிகள். ஒரு மூடி ஊற்றினால் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடும், எஞ்சின் ஆயுள் இரட்டிப்பாகும், புகை போகும், பம்பு பளபளக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. சர்வரோக நிவாரணி விற்கும் சந்தை வைத்தியன்கூட இவ்வளவு சொல்ல மாட்டான்.

கணக்குப் போடுவோம். பம்பாயிலிருந்து நாமக்கல்லுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 300 லிட்டர். புட்டிக்காரன் சொல்கிறபடி பத்து சதவீதம் மிச்சம் என்றால் ஒரு நடைக்கு 30 லிட்டர் மிச்சமாக வேண்டும். எண்ணெய்க் கம்பெனிகளும் லாரிக் கம்பெனிகளும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் கோடி கோடியாய்ச் செலவழித்து ஆராய்ச்சி செய்கின்றன. ஒரு மூடி திரவத்தில் பத்து சதவீதம் கிடைக்குமானால் அதை அவர்கள் விட்டு வைப்பார்களா?

"நான் ஊற்றிப் பார்த்தேன், கூடியது" என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் போன நடையில் என்ன லோடு, இந்த நடையில் என்ன லோடு? போன நடையில் சத்தாராவில் எவ்வளவு நேரம் நெரிசல்? டயரில் காற்று எவ்வளவு? ஏர் பில்டர் எப்போது மாற்றியது? எதிர்க்காற்று இருந்ததா? இத்தனையும் சேர்ந்தால் ஒரு நடைக்கும் மறு நடைக்கும் வரும் வித்தியாசம், புட்டி தருவதாகச் சொல்லும் மிச்சத்தை விழுங்கிவிடும். டயரில் சரியான காற்றும், சுத்தமான ஏர் பில்டரும், நிற்கும்போது எஞ்சினை அணைப்பதும் தரும் மிச்சம் உண்மையானது. அதற்குப் புட்டி வேண்டாம். அதனால்தான் அதற்கு விளம்பரமும் இல்லை.

1996-இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகைப் பெட்ரோல் என்று ஒரு செய்தி கிளம்பியதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் இலையைப் போட்டால் பெட்ரோல் என்றார்கள். நாடே வாயைப் பிளந்தது. விஞ்ஞானிகளின் சோதனையில் அது நிற்கவில்லை. ஏன் அத்தனை பேர் நம்பினார்கள்? எரிபொருள் விலையில் நொந்து போனவன் எதையும் நம்பத் தயாராக இருக்கிறான். அந்த நொம்பலத்தை விற்றுக் காசாக்குவதுதான் புட்டி வியாபாரம்.

உண்மையான கலப்படக்காரன் யார்?

டேங்கில் ஒன்றரை லிட்டர் ஆயில் ஊற்றும் டிரைவரைக் கலப்படக்காரன் என்று சொல்கிற நாட்டில், டேங்கர் டேங்கராகக் கலந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 13 ரூபாய். டீசல் 37 ரூபாய்க்கு மேல். லிட்டருக்கு ஏறக்குறைய 25 ரூபாய் வித்தியாசம். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தால் ஒரே டேங்கரில் அறுபதாயிரம் ரூபாய். ஏழையின் விளக்குக்கென்று அரசு மானியம் கொடுத்த எண்ணெய், பணக்காரனின் கல்லாவுக்குப் போனது. 2005-இல் பொருளாதார ஆய்வுக்கான தேசியக் குழு செய்த ஆய்வு, ரேஷன் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு அளவுக்குக் கைமாறிப் போகிறது என்று சொன்னது.

இதை எதிர்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கோலார் தங்க வயலில் வளர்ந்த இளைஞர் சண்முகம் மஞ்சுநாத், இந்தியன் ஆயில் அதிகாரி. கலப்படம் செய்த பம்புக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் மராட்டியத்திலேயே, மன்மாட் அருகே, டேங்கர்களிலிருந்து எண்ணெய் திருடுவதைத் தட்டிக் கேட்ட கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை 2011 சனவரி 25 அன்று பட்டப்பகலில் உயிரோடு எரித்தார்கள். மறுநாள் குடியரசு தினம். ஒரு கூடுதல் ஆட்சியருக்கே இந்தக் கதி என்றால், சாலையோரத்தில் தனியாக நிற்கும் டிரைவர் என்ன கேள்வி கேட்க முடியும்?

அரசு என்ன செய்தது? 2006-இல் மண்ணெண்ணெயில் அடையாளப் பொருள் கலந்து, டீசலில் அது இருந்தால் பிடித்துவிடும் முறை ஒன்றைக் கொண்டு வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. பிறகு 2016-இலிருந்து மண்ணெண்ணெய் விலையைச் சிறுகச் சிறுக உயர்த்தி மானியத்தையே ஒழித்தது. திருடனைப் பிடிக்க முடியவில்லை, அதனால் ஏழையின் விளக்கை அணைத்துவிட்டார்கள்!

மண்ணெண்ணெய் விலை ஏறியதும் கலப்படம் ஓய்ந்ததா? வேறு வேடம் போட்டுக்கொண்டது. குஜராத், மராட்டிய நெடுஞ்சாலைகளில் "பயோ டீசல்" என்று எழுதிய பலகைகள் முளைத்தன. உண்மையான பயோ டீசல் தாவர எண்ணெயிலிருந்து செய்வது. டீசலில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை கலக்க விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் இந்தப் பலகைக்குக் கீழே பலவிடங்களில் விற்றது தொழிற்சாலை எண்ணெய், கரைப்பான், எதுவென்று விற்றவனுக்கே தெரியாத கலவை. 2019-இல் மத்திய அரசு பயோ டீசல் விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. 2021-இல் குஜராத் அரசு இந்த விற்பனையிடங்களின்மேல் சோதனை நடத்தியது. பம்புகளை மூடினார்கள், சிலரைப் பிடித்தார்கள். கப்பலிலிருந்து இறக்கியவன் யார், டேங்கரில் அனுப்பியவன் யார் என்ற கேள்வி மட்டும் சாலையோரத்திலேயே நின்றுவிட்டது.

பம்பில் அடர்த்திச் சோதனை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பம்புக்கு வந்த டீசலின் அடர்த்தி, பில்லில் எழுதிய அடர்த்தியிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்குமேல் மாறக்கூடாது என்பது விதி. கன மீட்டருக்கு 840 கிலோ உள்ள டீசலில், 800 கிலோ உள்ள மண்ணெண்ணெயை நூற்றுக்கு ஐந்து கலந்தால் என்ன வரும்? 838. விதிப்படி அது நல்ல டீசல்! கொஞ்சமாகத் திருடுகிறவன் இந்தச் சோதனையில் சிக்க மாட்டான் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஆனாலும் அந்தச் சோதனை அதிகமாகத் திருடுகிறவனையாவது பிடிக்கும். அதைக் கேட்கும் உரிமை டீசல் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் உண்டு. எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மெல்லிய டீசல் என்று சந்தேகப்பட்டு மேலே ஆயில் ஊற்றுவது, அவன் செய்த கலப்படத்தை நாம் இன்னொரு கலப்படத்தால் மூடி மறைப்பதாகும். இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியாகாது. அவன் குற்றத்தின் தடயம் நம் கையால் அழிகிறது.

டீசல் கணக்கு என்னும் கத்தி

ஏன் டிரைவர் புட்டியையும் கறுப்பு ஆயிலையும் தேடிப் போகிறான்? இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது.

2014-இல் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய அரசின் கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் அது 31 ரூபாய் 83 காசு. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்கு விழுந்த நேரத்தில்தான் இந்த உயர்வு! 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்த பிறகும் 15 ரூபாய் 80 காசு. 2014-இல் இருந்ததைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இந்தச் சுமையை ஓனர் யார்மேல் இறக்கினார்? வாடகை கொடுக்கும் கம்பெனிமேல் இறக்க முடியவில்லை. டிரைவர்மேல் இறக்கினார்.

"இந்த நடைக்கு இத்தனை லிட்டர். மேலே போனால் உன் படியிலிருந்து பிடிப்பேன்." இதுதான் டீசல் கணக்கு. நெரிசலுக்குக் கணக்கில் இடமில்லை. துறைமுக வாசலில் எஞ்சின் ஓட ஓட ஊர்ந்த இரவுக்கு இடமில்லை. அதிக லோடு ஏற்றியது ஓனர்தான் என்பதற்கு இடமில்லை. இந்தக் கத்தி கழுத்தில் இருக்கும்போது டிரைவர் சாலையோரத்து மலிவு எண்ணெயை நாடுகிறான். மைலேஜ் புட்டியை நம்புகிறான். குருவின் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறான். ஒற்றை லாரியைக் கடனில் வாங்கித் தானே ஓட்டும் தோழர் நிலைமையும் இதுவேதான். அவருக்குப் பிடித்தம் செய்பவர் பைனான்ஸ்காரர்.

பிறகு ஒரு நாள் வண்டி நிற்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் டேங்கிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். ஆயில் கலந்திருக்கிறது என்று காகிதம் வருகிறது. உத்தரவாதம் ரத்து. இன்ஜெக்டர்களும் வடிகட்டியும் சேர்ந்தால் டிரைவரின் பல மாதச் சம்பளம். ஓனர் அதைத் தவணை தவணையாகப் பிடிக்கிறார். நம் சங்கத்துக்கு இப்படி வந்த தோழர்களை நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்காகப் பேசப் போனபோது, நம்மிடம் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1936-இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், அந்த நஷ்டம் தொழிலாளியின் அலட்சியத்தாலோ தவறாலோ நேரிட்டதாக இருக்க வேண்டும். அவனிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். நினைத்தபடி பிடிக்க முடியாது. இது நமக்குள்ள கேடயம்.

ஆனால், தோழர்களே, டேங்கில் நாமே ஆயில் ஊற்றியிருந்தால் அந்தக் கேடயம் என்ன ஆகும்? கலப்பட டீசலை விற்ற பம்புக்காரன் தப்பித்தான். மலிவு எண்ணெய் வாங்கச் சொன்ன ஓனர் தப்பித்தார். பொய் சொல்லிப் புட்டி விற்றவன் தப்பித்தான். ஒன்றரை லிட்டர் ஆயில் ஊற்றியவன் மாட்டிக்கொண்டான். "உன் தவறு" என்று எழுதிக் கொடுக்க நம் கையாலேயே மையும் ஊற்றிவிட்டோம். இதனால்தான் இந்தப் பழக்கத்தை விடச் சொல்கிறோம்.

புகையை விழுங்குபவன்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 சூன் மாதத்தில் உறுதியாக அறிவித்தது. ஆயில் கலந்த டீசலில் புகை கூடும். உலோகச் சாம்பலும் சேரும். அந்தப் புகையை முதலில் விழுங்குபவன் யார்? ஏ.சி. அறையில் வாடகை பேசுகிற புக்கிங் ஏஜெண்டா? வண்டிக்கடியில் தூங்குகிற கிளீனர் விழுங்குகிறான். லாரிப்பேட்டைக்குப் பக்கத்துக் குடிசையில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நம் சகோதரி விழுங்குகிறாள். கறுப்பு ஆயில் ஆபத்தான கழிவு என்று 2016-இன் கழிவு விதிகள் சொல்கின்றன. சாக்கடையில் ஊற்றக் கூடாத பொருளை எரித்துக் காற்றில் ஊற்றலாமா?

நாம் கேட்பது

பழக்கத்தை விடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள நாம் உபதேசிகள் அல்ல. நம் பக்கத்தில் செய்ய வேண்டியது உண்டு. எதிர்ப்பக்கத்தில் கேட்க வேண்டியது உண்டு.

நம் பக்கத்தில்: டேங்கில் டீசலைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள். கறுப்பு ஆயில் வேண்டாம், டூ-டி வேண்டாம், புட்டி வேண்டாம். பலகை மட்டும் வைத்த சாலையோர எண்ணெயைத் தொடாதீர்கள். ஓனர் வற்புறுத்தினால் அதை எழுத்திலோ போன் செய்தியிலோ வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் பில் வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். "மதராஸிக்கு என்ன தெரியும்" என்று சிரித்தால் சிரிக்கட்டும். நான்கு பேராக நின்று கேட்டால் சிரிப்பு நிற்கும். பில்டரில் தண்ணீர் வடிப்பதை மறக்காதீர்கள். யூரியாவிலும் மலிவுச் சரக்கு வேண்டாம்.

ஓனர்களிடம்: டீசல் கணக்கை லோடு, பாதை, காத்திருக்கும் நேரம் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். விளக்கம் கேட்காமல் ஒரு காசு பிடிக்கக் கூடாது. புது வண்டியைக் கையில் கொடுக்கும்போது அதன் விளக்குகளுக்கு என்ன அர்த்தம் என்று டிரைவரின் மொழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாற்பது லட்ச ரூபாய் வண்டியை ஒரு சாவியோடு கொடுத்துவிட்டு, கெட்டுப் போனதும் படிக்காதவன் என்று திட்டுவது என்ன நியாயம்?

அரசிடம்: கலப்படத்தைத் துறைமுகத்திலும் டெப்போவிலும் பிடியுங்கள். டேங்கின் மூடியில் ஆரம்பித்து டிரைவரோடு முடிக்கும் விசாரணை எங்களுக்கு வேண்டாம். 1955-இன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டமும், அதன்கீழ் 2005-இல் வந்த டீசல் கலப்படத் தடுப்பு ஆணையும் உங்கள் கையில் இருக்கின்றன. பெரிய கைகளைப் பிடிப்பதற்கும் அவை பயன்படும் என்று ஒருமுறை காட்டுங்கள்.

நடக்கிற காரியமா என்று கேட்கலாம். 2024 சனவரி முதல் இரண்டு நாள்கள் ஞாபகம் இருக்கிறதா? விபத்துக்குப் பிறகு ஓடிவிட்டால் பத்தாண்டுச் சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பம்புகளில் வரிசை நீண்டது. இரண்டாவது நாள் இரவே அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்தச் சட்டத் தொகுப்பு 2024 சூலையில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் ஒன்று சேர்ந்தால் தில்லி காது கொடுக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தக் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும். நம் டேங்கில் நல்ல டீசல் மட்டும் இருந்தால், அடுத்த முறை வண்டி நிற்கும்போது கேள்வி கேட்பவர்கள் நாமாக இருப்போம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களாக இருப்பார்கள்.